பின்பக்கமாக நடத்தப்பட்ட போர்: பாசிர் பாஞ்சாங் மேட்டில் ஒரு வழிகாட்டி நடை

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தொடங்கி, பெப்பிஸ் சாலை ஏற்றத்தில் ஏறி, 1942 இல் ஜப்பானியரை எதிர்த்து இங்கே நடந்த சண்டையைச் சொல்லும் 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ் அட் புக்கிட் சண்டு' நினைவகத்தைப் பார்த்துவிட்டு, கென்ட் ரிட்ஜ் பூங்காவில் முடியும் வழிகாட்டி நடை ஒன்றுக்கு நானும் என் சித்தப்பாவும் ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தோம். நான்கு மணி நேரம். தலைக்கு 45 வெள்ளி. அந்தத் தொகை எங்கள் பையிலிருந்து போகவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர் ஒவ்வொருவர் கணக்கிலும் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்காக 100 வெள்ளி சேர்த்த எஸ்ஜி கல்ச்சர் பாஸிலிருந்து கழித்துக்கொண்டார்கள். ஆகவே, கீழே நான் எழுதுவதைப் பொதுப் பணத்தில் போய்வந்த ஒருவரின் கணக்கு ஒப்புவிப்பாக எடுத்துக்கொள்ளலாம். நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறு நிறுவனத்தின் பிழைப்பில் கை வைப்பது முறையன்று.

பெப்பிஸ் சாலை ஏற்றத்தைப் பற்றிப் பதிவுப் பக்கத்தில் 'இலேசான மேடு' என்று போட்டிருந்தார்கள். என் சித்தப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். நடைக்கு அஞ்சுகிறவர் அல்லர். அவரே பாதி வழியில் இரண்டு முறை நின்று, "இதுவாம்மா இலேசான மேடு?" என்று கேட்டார். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த ஒலிக்கருவிகளில் என்னுடையது கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது, மாற்றுக்கருவி கொண்டுவரவில்லை. பதினெட்டுப் பேர் கொண்ட குழுவில் வழிகாட்டியின் முதுகை ஒட்டியே நடந்ததால் நான் பெரும்பாலானவற்றைக் கேட்டேன். பின்னால் வந்தவர்களில் இன்னும் இருவருக்கு இதே கதிதான்.

வழிகாட்டி இளைஞர், படித்துவிட்டு வந்திருந்தார், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கவில்லை. குன்றின் பெயரில் உள்ள 'சண்டு' என்பது காய்ச்சிப் பதப்படுத்திய அபினி என்பதையும், குன்றின் அடிவாரத்தில் அரசாங்கமே அபினி ஆலை நடத்தியது என்பதையும், அபினி வரி ஒரு காலத்தில் இந்தத் தீவின் கருவூலத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்று என்பதையும் அவர் சொன்ன விதத்தில் ஒரு நேர்மை இருந்தது. நினைவகம் இருக்கும் கறுப்பு வெள்ளை பங்களா 2002 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டு, பிறகு புதுப்பிப்புக்காக மூடப்பட்டு, 2021 செப்டம்பரில் மீண்டும் திறந்தது. வீடு, அபினி, போர் என்று மூன்று இழைகளையும் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அதாவது நடையின் கட்டணத்தில் ஒரு காசு கூட இந்த வீட்டுக்காகப் போவதில்லை. நீங்கள் கொடுப்பது, அல்லது அரசாங்கம் உங்களுக்காகக் கொடுப்பது, வழிகாட்டியின் வாய்க்கும் காலுக்கும்.

அந்த வாய்க்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நான் நினைத்த இடம் ஒன்று உண்டு. 1942 பிப்ரவரி 14 அன்று இந்தக் குன்றை நோக்கி இந்தியப் படைவீரர்களைப் போன்ற உடையில் ஒரு கூட்டம் வந்ததாகவும், பிரிட்டிஷ் படையில் மூன்று மூன்று பேராக நடப்பதுதான் வழக்கம் என்பதால், நான்கு நான்கு பேராக வந்தவர்களைக் கண்டதும் குன்றைக் காத்து நின்ற மலாய் ரெஜிமென்ட்டின் லெஃப்டினன்ட் அட்னான் சைடியின் வீரர்கள் அவர்கள் மாறுவேடமிட்ட ஜப்பானியர் என்று கண்டுகொண்டு சுட்டதாகவும் சொல்லப்படும் நிகழ்வை அவர் வெறும் கதையாகச் சொல்லவில்லை. எங்களில் பன்னிரண்டு பேரை முதலில் மும்மூன்றாகவும் பிறகு நந்நான்காகவும் சாலையில் நடக்க வைத்து, மற்ற ஆறு பேரை மேலே படிக்கட்டில் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். மேலே நின்றவர்களில் நானும் ஒருத்தி. நடப்பவர்கள் வளைவில் திரும்பிய கணத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. பள்ளிப் பாடத்தில் எத்தனையோ முறை படித்தது அன்றுதான் கண்ணில் பட்டது.

ஆனால் வீட்டைச் சுற்றியே ஒன்றே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதற்குப் பிறகு, மரங்களின் தலைக்கு மேலே போகும் 280 மீட்டர் நடைபாதை வழியாகப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே படம் எடுக்க அரை மணி. பூங்காவில் தண்ணீர் குடிக்கக் கால் மணி. உண்மையில் சண்டை நடந்த மேட்டு முதுகில், அதாவது எதற்காக வந்தோமோ அந்த நிலத்தில், நின்று பேசியது பன்னிரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்திலும் ஒரு கோளாறு. ஜப்பானியரின் 18 ஆம் படைப்பிரிவு பிப்ரவரி 13 அன்று மேற்கிலிருந்து இந்த மேட்டு முதுகு வழியாக வந்தது. இன்றைய சவுத் புவன விஸ்டா சாலை மேட்டை வெட்டிக்கொண்டு போகும் இடத்தில், 'கேப்' என்று அழைக்கப்பட்ட கணவாயில், மலாய் ரெஜிமென்ட் உள்ளிட்ட முதலாம் மலாயாப் பிரிகேடு மோதியது. அன்று நள்ளிரவில் பின்வாங்கிய ஒரு பகுதியினர் புக்கிட் சண்டுக்கு வந்தார்கள். மறுநாள் அங்கே கடைசிச் சண்டை. நாங்களோ கடைசிச் சண்டையை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நாளின் களத்தை நோக்கி மேற்கே நடந்தோம். போர் பின்பக்கமாக நடத்தப்பட்டது. எம்ஆர்டி நிலையம் கிழக்கு முனைக்கு அருகில் இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சவுத் புவன விஸ்டா சாலையில் பேருந்திலிருந்து இறங்கித் தொடங்கினால், ஏன் இந்த மேட்டைப் பிடிக்க அவர்கள் துடித்தார்கள் என்பது நடக்க நடக்கப் புரிந்திருக்கும். மேட்டுக்கு அப்பால் அலெக்சாண்ட்ரா வட்டாரத்தில் வெடிமருந்துக் கிடங்கும் இராணுவ மருத்துவமனையும் நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கும் இருந்தன. எரியும் எண்ணெய் பெருங்கால்வாயில் ஓடி வந்ததால்தான் புக்கிட் சண்டில் இருந்தவர்களுக்குப் பின்வாங்க வழி அடைபட்டது. நார்மன்டன் என்ற பெயர் இன்று ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பலகையில் இருக்கிறது.

காட்சி மேடையில் நின்று வழிகாட்டி பழைய வரைபடத்தின் நகலை விரித்தபோது தூறல் போட்டது. நெகிழித்தாளுக்குள் இருந்த வரைபடத்தைத் தென்திசை மேலே வரும்படி தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கடற்கரைக் கோட்டை எதிரே தெரியும் கடலோடு பொருத்திக் காட்ட முயன்றார். பொருந்தவில்லை. வரைபடத்தில் கடல் இருந்த இடத்தில் கொள்கலன் முனையத்தின் பாரந்தூக்கிகள் நின்றன. "எனக்குக் கிரேன்தான்மா தெரியுது, சண்டை எங்கே தெரியுது?" என்றார் சித்தப்பா. குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அந்தக் கிரேன்களில் சிலவற்றை அவருக்கு எண் சொல்லித் தெரியும்.

அவர் கேட்ட கேள்வியை நான் வேறு ஒரு நாட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். என் தங்கை அமெரிக்காவில், வட வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, காய்கறி வாங்கும் கடைத்தொகுதிக்கு அருகில் ஆக்ஸ் ஹில் என்றொரு சின்னப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். 1862 செப்டம்பர் 1 அன்று, இடியும் மழையுமாக இருந்த மாலையில், அங்கே நடந்த உள்நாட்டுப் போர்ச் சண்டையில் வடக்குப் படையின் தளபதிகள் இருவர், ஸ்டீவன்ஸும் கியர்னியும், ஒரே நாளில் இறந்தார்கள். பல நூறு ஏக்கரில் நடந்த அந்தச் சண்டையில் இன்று எஞ்சியிருப்பது ஐந்து ஏக்கருக்கும் குறைவு. மற்றதெல்லாம் வரிசை வீடுகள், வாகன நிறுத்துமிடம், கடைகள். அங்கும் நான் வரைபடத்தைப் பார்த்து, வீடுகளைப் பார்த்து, விழித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நிலம் கண்ணெதிரே போனதைப் பார்த்துக் கொதித்தவர்கள்தாம் 1987 இல் போர்க்களங்களைக் காக்க முதலில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 1993 இல் அறிக்கை கொடுத்தது: உள்நாட்டுப் போரின் ஏறத்தாழ 10,500 மோதல்களில் 384 களங்கள் முதன்மையானவை, அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே அழிந்துவிட்டது. 1999 முதல் நடுவண் அரசு நிலம் வாங்கவே மானியம் தரத் தொடங்கியது. 2002 இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. 2014 இன் முடிவில் அமெரிக்க விடுதலைப் போர்க் களங்களும், பிரிட்டனோடு நடந்த 1812 போரின் களங்களும் சேர்க்கப்பட்டன.

இந்த மானியத்தின் விதிகளைத் தங்கையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தபோது, இதை எழுதியவர்கள் நிலத்தரகர்களோடு பழகியவர்களாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. பணத்தை மாநில அரசோ உள்ளூராட்சியோ கேட்டுப் பெறலாம்; அறக்கட்டளைகள் அவற்றின் வழியாக வரலாம். விலையில் பாதிக்கு மேல் நடுவண் அரசு கொடுக்காது. மீதியை நன்கொடையாகவோ மாநிலப் பணமாகவோ திரட்டிக்கொண்டு வர வேண்டும். விற்க விரும்புகிறவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். எவரையும் எழுப்பி விரட்டக் கூடாது. மதிப்பீட்டாளர் சொன்ன சந்தை விலைதான் கணக்கு. வாங்கியபின், இனி ஒருபோதும் இங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்தில் ஏறும். நிலம் எத்தனை கை மாறினாலும் நிபந்தனை அதனோடு போகும். பணத்தின் ஊற்று இன்னும் வேடிக்கையானது: கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமைத் தொகையிலிருந்து 1960களில் உருவாக்கிய நிலப் பாதுகாப்பு நிதி. ஓரிடத்தில் கடலைத் தோண்டி, வேறிடத்தில் வயலைத் தோண்டாமல் வைத்திருக்கிறார்கள்.

பாதிக்குப் பாதி என்ற விதியை நான் உயர்வாக மதிக்கிறேன். ஊர்க்காரர்கள் தங்கள் கையிலிருந்து போடாத இடத்தில் அரசாங்கமும் போடாது. ஆனால் அந்த விதிக்கு ஒரு பலவீனமும் உண்டு. நிலத்தின் விலை ஏறும் வேகத்தில் நன்கொடை ஏறாது. வர்ஜீனியாவில் மனாசஸ் என்ற உள்நாட்டுப் போர்க்களத்தை ஒட்டியுள்ள நிலத்தில் தரவு மையங்களுக்கு 2023 டிசம்பரில் உள்ளூராட்சி அனுமதி கொடுத்து, அது வழக்குகளில் சிக்கியது. அந்த விலைக்கு எந்த அறக்கட்டளை ஈடு கொடுக்க முடியும்?

இதை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இங்கே பெரும்பாலான நிலம் அரசாங்கத்துடையது. விற்க விரும்பும் உழவரைத் தேடிப் போய்ப் பேரம் பேச வேண்டியதில்லை. கென்ட் ரிட்ஜ் என்று இன்று அழைக்கப்படும் நம் மேட்டில் தேவைப்படுவது விலை அன்று, முடிவு. ஆனாலும் நம்முடைய பொதுப் பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. தேசிய மரபுடைமைக் கழகத்தின் தேசிய நினைவுச்சின்ன நிதி 2008 இல் தொடங்கியது. அது கட்டடங்களைப் பழுதுபார்க்க உதவுவது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலும் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலும் தேசிய நினைவுச்சின்னங்கள் என்பதால், சுதை வேலைக்கும் கூரை ஒழுக்குக்கும் என்ன செலவாகும் என்பது நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும்; அந்த நிதியை நான் குறை சொல்லவில்லை. கல்ச்சர் பாஸ் இன்னொரு பக்கம், பார்க்க வருகிறவர்களின் கையில் பணத்தைக் கொடுக்கிறது. சுவருக்கும் பணம் உண்டு, பார்வையாளருக்கும் பணம் உண்டு. சுவரில்லாத மண்ணுக்கு?

சட்டத்தில் இதற்கு அண்மைக் காலம்வரை கதவே இல்லை. 2021 நவம்பரில்தான் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, கட்டடம் இல்லாத இடத்தையும் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்க வழி பிறந்தது. அந்த வழியில் முதலில் உள்ளே வந்தது பாடாங் திடல், 2022 ஆகஸ்ட் 9 அன்று. 1943 ஜூலையில் நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்ட அதே திடல். அந்தக் கதவு புக்கிட் சண்டுக்கும் திறக்கக் கூடியதே. பல்கலைக்கழகமும் அறிவியல் பூங்காவும் மருத்துவமனையும் மேட்டின் மேற்குப் பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு, எஞ்சிய முதுகு தப்பியது பூங்காவாக இருந்ததால்; போர்க்களமாக இருந்ததால் அல்ல. பறவை பார்க்க வருகிறவர்கள் காப்பாற்றிக் கொடுத்த களம் அது.

பாதிக்குப் பாதி என்ற யோசனையும் நமக்குப் புதிதில்லை. எஸ்பிளனேட் பூங்காவில் நேதாஜி 1945 ஜூலை 8 அன்று அடிக்கல் நாட்டிய இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் அதே ஆண்டு செப்டம்பரில் இடித்துத் தள்ளினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து 1995 இல் மரபுடைமைக் கழகம் அந்த இடத்தை வரலாற்றுத் தலமாகக் குறித்தபோது, இங்குள்ள இந்தியச் சமூகம் நன்கொடை போட்டது. அரசு இடத்தைக் குறித்தது, ஊர் காசு கொடுத்தது. அதைப் போல ஓர் ஏற்பாடு கென்ட் ரிட்ஜ் முதுகுக்கும் இருந்து, 'கேப்'பிலிருந்து புக்கிட் சண்டு வரை, யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கமிருந்து குண்டு வந்தது என்று நிலத்திலேயே எழுதி வைத்திருந்தால், வழிகாட்டி தூறலில் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

சேவைக்குத் திரும்புகிறேன். வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், பாதை அமைப்புக்குப் பாதி, கருவிக்குச் சுழியம். தமிழில் நடை உண்டா என்று கேட்டேன். இல்லை, பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். இதே மேட்டில் 44 ஆம் இந்தியப் பிரிகேடும் இருந்தது என்பதைக் கேட்டால்தான் சொன்னார்கள். சொல்ல வேண்டியதை நாம் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. போக நினைப்பவர்கள் பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை நினைவகம் மூடியிருக்கும். காலை ஒன்பதுக்கு முன்னால் ஏறினால் வெயில் தாங்கலாம். பதிவு செய்யும்போதே காது கருவி மாற்று உண்டா என்று கேட்டுவிடுங்கள். கல்ச்சர் பாஸ் தொகை 2028 இறுதி வரை செல்லும் என்பதால் அவசரமில்லை. முழுக் கட்டணத்தையும் கைக்காசாகக் கொடுக்க வேண்டியிருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், ஒரு முறை போயிருப்பேன்.

பாதையைத் திருப்பி, மேற்கிலிருந்து தொடங்கலாமே என்று மின்னஞ்சல் எழுதினேன். பரிசீலிப்பதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்காகக் காத்திருக்காமல், அடுத்த ஞாயிறு நாங்கள் இருவருமே சவுத் புவன விஸ்டா சாலையில் இறங்கி, வழிகாட்டி இல்லாமல் கிழக்கு நோக்கி நடந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காட்சி மேடையில் சித்தப்பா இம்முறை கடல் பக்கம் பார்க்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். "இந்தப் பக்கமிருந்துதான் வந்திருக்கான். இப்பத்தான் தெரியுது" என்றார்.

இறங்கும்போது தம் கைபேசியை எடுத்து, கணக்கில் இன்னும் 55 வெள்ளி இருக்கிறது, கிராஞ்சிக்கும் இதைப் போல ஒரு நடை போகலாமா என்று கேட்டார். 4,400க்கும் மேற்பட்ட கல்லறைகளும், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் உள்ள அந்தப் போர்க் கல்லறைத் தோட்டத்தை, இந்தியா உட்பட ஆறு நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் ஆணையம் பராமரிக்கிறது.

"அங்கே போகக் காசு வேண்டாம் சித்தப்பா. பஸ்ஸில் போனாலே போதும்" என்றேன்.